அம்மாவின் ஒன்றரை ஷிப்ட்

2020 மே மாதம், நான் வேலை பார்த்த கல்லூரி பாதிச் சம்பளம்தான் தரமுடியும் என்றது. ஜூனில் அந்தப் பாதியும் வரவில்லை. முனைவர் பட்டம், இரண்டு கவிதைத் தொகுப்புகள், பதினான்கு வருட வகுப்பறை அனுபவம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, 15 வேலம்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். அங்கே எட்டு மெஷின்கள் இருந்தன. மூன்று ஓவர்லாக், இரண்டு பேட்லாக், மூன்று சிங்கர். ஊரடங்கில் தூசி படியாமல் எல்லாவற்றின் மேலும் தன் பழைய சேலைகளைப் போர்த்தி வைத்திருந்தார் அம்மா.

அப்பா பனியன் கம்பெனியில் டைலராக இருந்தவர். 1998இல் இரண்டு பழைய மெஷின்களை வாங்கிப்போட்டுச் சொந்தமாகத் தொடங்கிய யூனிட் இது. 2011இல் அவர் இறந்தபிறகு அம்மாதான் நடத்தினார். ஆனால் பெயர்ப்பலகையில் அப்பாவின் பெயர் இருந்தது. வங்கிக் கணக்கும் பில் புத்தகமும் பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பியின் பெயரில் இருந்தன. யாராவது கேட்டால், "பையன் கம்பெனிங்க, நாம் பாத்துக்கறன்" என்பார் அம்மா. நான்கூட அதில் எதையும் கவனித்ததில்லை. பெண்ணெழுத்து பற்றிக் கருத்தரங்கங்களில் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை.

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு டி-ஷர்ட் இங்கே ஒரே கூரையின்கீழ் உருவாவதில்லை. ஏற்றுமதி நிறுவனம் ஆர்டர் எடுக்கும். நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம் என்று துணி ஊரைச் சுற்றும். வெட்டிய துணி பண்டல் பண்டலாக டெம்போவில் ஏறி எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு வரும். தைத்து, பிசிர் வெட்டித் திருப்பி அனுப்பினால் பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பெரிய கம்பெனி தன் மெஷினையும் ஆளையும் பெருக்காமல் ஆர்டர் வரும்போது வேலையைப் பெருக்கிக்கொள்ளலாம், ஆர்டர் இல்லாதபோது சுருக்கிக்கொள்ளலாம். இதை இந்த ஊரின் நெகிழ்வுத்தன்மை என்று பாராட்டி எழுதுவார்கள். நெகிழவேண்டியவர்கள் கொட்டகையில் இருப்பவர்கள்.

முதல் மூன்று மாதம் முகக்கவசம் தைத்தோம். பிறகு மெல்ல டி-ஷர்ட் ஆர்டர்கள் திரும்பின. ஐந்து டைலர்கள், மூன்று கைமடி ஆட்கள், அம்மா, நான். எட்டுப் பேரும் பெண்கள். எனக்கு ஊசி மாற்றக்கூடத் தெரியாது. தெரியாத எதையும் புத்தகத்தில் தேடுவது என் வழக்கம். அதனால் தொழில் நடத்துவது எப்படி என்று சொல்லும் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

அப்பாவின் பீரோவிலேயே சில இருந்தன. மணிமேகலைப் பிரசுரத்தின் சுயதொழில் கையேடுகள் இரண்டு, அட்டை கிழிந்த எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்'. நம் ஊர்ப் புத்தகத் திருவிழாவில் கவிதை அலமாரிக்கு முன்னால் நான் தனியாக நின்றிருக்கும்போது, இத்தகைய புத்தகங்கள் இருக்கும் பக்கம் பனியன் கம்பெனிப் பையன்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அவர்களைப் பார்த்துக் கொஞ்சம் இளக்காரமாக நினைத்திருக்கிறேன். இப்போது நானும் அந்தப் பக்கம் போனேன்.

முதலில் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை'. ராபர்ட் கியோசாகி 1997இல் எழுதியது, தமிழிலும் நன்றாக விற்கிறது. அதில் ஏழைத் தந்தை படித்தவர், கல்வித்துறைக்காரர். பணக்காரத் தந்தை படிப்பை முடிக்காத வியாபாரி. நிறையப் படித்துவிட்டுச் சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஏழைத் தந்தை நான்தான் என்று சிரித்துக்கொண்டே படித்தேன். பாதிப் புத்தகத்தில்தான் ஒன்று உறைத்தது. தலைப்பிலேயே இரண்டு தந்தைகள் இருக்கிறார்கள். பையனுக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித்தரும் தாய் என்று ஒருத்தி அந்தத் தலைப்பில் இல்லை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவர் போட்டுமுடித்து, மிச்சத்தில் சீட்டுக்கு எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு என்று பிரித்தவர் அம்மா. பணத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்த ராத்திரிகளில் அறிந்தது.

அடுத்தது மைக்கேல் கெர்பரின் 'தி இ-மித் ரீவிசிட்டட்'. இதில் சாரா என்று ஒரு பெண் வருகிறாள். பை எனப்படும் பலகாரம் சுட்டு விற்கும் கடை வைத்திருப்பவள், வேலை செய்து செய்து ஓய்ந்துபோனவள். கெர்பர் அவளுக்குப் பாடம் சொல்கிறார். கைத்திறன் உள்ளவர்கள் கடை திறக்கிறார்கள், அந்தக் கைத்திறனுக்குள்ளேயே மூழ்கிப்போகிறார்கள், விலகி நின்று தொழிலைக் கட்டமைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இதைப் படித்தபோது அம்மாவைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது. "நீ மெஷின்ல உக்காரக் கூடாதும்மா, மேற்பார்வை மட்டும் பாரு" என்றேன். "அப்பறம் பேட்லாக் யார் ஓட்டறது கண்ணு, உன்ற புஸ்தகமா?" என்று கேட்டுவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். பேட்லாக் டைலருக்குத் தினம் 480 ரூபாய் கூலி. அம்மா எழுந்தால் அந்தக் கூலியை இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டும். கொடுக்கப் பணமில்லை.

பெண்களுக்காகவே எழுதப்பட்டது என்று ஷெரில் சாண்ட்பெர்க்கின் 'லீன் இன்' (2013) புத்தகத்தைத் தோழி ஒருத்தி கொடுத்தாள். கூட்டம் நடக்கும் மேசையில் ஓரமாக ஒதுங்காதீர்கள், நடுவில் வந்து உட்காருங்கள் என்கிறது. எங்கள் ஊரில் டேபிள் என்றால் பவர்டேபிள். பெண்கள் அதில் உட்கார்ந்து நெடுங்காலமாகிறது. உட்கார்ந்ததால் மட்டும் எதுவும் மாறவில்லை என்று சாண்ட்பெர்க்கிடம் சொல்லத் தோன்றியது.

என்னை உண்மையிலேயே பிடித்துக்கொண்ட புத்தகம் எலியாஹு கோல்ட்ராட்டின் 'தி கோல்'. 1984இல் வந்த அது நாவல் வடிவில் இருக்கும். அலெக்ஸ் ரோகோ என்ற மேலாளருக்குத் தன் ஆலையைக் காப்பாற்ற மூன்று மாதம்தான் அவகாசம். எந்த ஆலையிலும் ஏதோ ஓரிடத்தில்தான் வேலை தேங்குகிறது, அந்த இடத்தின் வேகம்தான் மொத்த ஆலையின் வேகம், அங்கே வீணாகும் ஒரு மணி நேரம் மொத்த ஆலைக்கும் வீணாகும் ஒரு மணி நேரம் என்று அவர் கற்றுக்கொள்கிறார். சிறுவர்களை வரிசையாக மலைப்பாதையில் அழைத்துச் செல்லும்போது ஹெர்பி என்ற மெதுவாக நடக்கும் பையனால் வரிசை முழுக்கப் பின்தங்குகிறது. அங்கேதான் அவருக்கு இது விளங்குகிறது. எனக்கும் விளங்கியது. கதை படிக்கப் பழகியவளுக்குக் கதையாகச் சொன்னால் புரியத்தானே செய்யும்.

மறுநாள் கையில் கைபேசியை வைத்துக்கொண்டு எங்கள் கொட்டகையின் ஹெர்பியைத் தேடினேன். ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒவ்வொரு தையலுக்கும் இத்தனை நிமிடம் என்று நிர்ணயித்து வைத்திருப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். ஷோல்டர் சேர்க்க எவ்வளவு, கை வைக்க எவ்வளவு, பாட்டம் மடிக்க எவ்வளவு என்று எழுதினேன். ஒரு வாரத்தில் சுவரில் ஒரு சார்ட் தொங்கியது. எட்டுப் பெயர்கள், மணிக்கு எத்தனை பீஸ் என்ற எண்ணிக்கை, குறைந்தால் சிவப்பு மையில். பேட்லாக் அக்கா ஒருவருக்கு மாலை மூன்றரையிலிருந்து நாலு வரை தினமும் சிவப்பு விழுந்தது. தையல் சுத்தமாக இருக்கும், வேகமும் குறைவில்லை. அந்த அரைமணி மட்டும் எப்போதும் குறையும்.

"இப்ப தண்ணி குடிக்கப் போறதையும் எழுதுவீங்களா டீச்சரக்கா?" என்று ஒருநாள் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர் திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. கைமடி வேலை பார்க்கும் பெண்தான் சொன்னாள். அந்த அக்காவின் மகள் மூன்றரைக்குப் பக்கத்து வீட்டில் டியூஷன் முடிந்து தனியாக வீட்டுக்கு வருவாளாம். பூட்டைத் திறந்தாளா, கதவைத் தாழிட்டாளா, சாப்பிட்டாளா என்று கேட்டுக் கேட்டு, அவள் உள்ளே பத்திரமாக இருக்கிறாள் என்று தெரியும்வரை அக்காவுக்குக் கை ஓடாதாம். வயசுக்கு வந்த பெண். அவர்கள் இருந்தது லைன் வீடு, வாடகைக்கு வந்து போகும் ஆட்கள் நிறைய.

பெண்ணின் உடலையும் அச்சத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். என் கொட்டகையில் ஒரு தாயின் அச்சத்துக்குச் சிவப்பு மை அடித்திருந்தேன். இதை ஒரு புத்தகத்தின்மேல் போட்டுவிட முடியாது. கோல்ட்ராட் அந்தச் சிறுவன் கதையில் மெதுவாக நடப்பவனைத் திட்டச் சொல்லவில்லை. அவனை வரிசையின் முன்னால் நிறுத்துகிறார்கள், அவன் முதுகுப் பையில் இருந்த சுமையை எடுத்து மற்றவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள், அதனால் எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள். நான் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தேன். முதலாளி இருக்கையில் உட்கார்ந்து படித்ததால் பாதிதான் கண்ணில் பட்டிருக்கிறது. சார்ட்டைக் கிழித்தேன். அக்காவைத் தேடிப் போனேன். பெரிய கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தார். "பரவால்லீங்க்கா, இங்க பஸ் வருது" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

அதன்பிறகு 'தி கோல்' புத்தகத்தை இரண்டாம் முறை படித்தேன். முதல்முறை வேகமாகப் புரட்டிய பக்கங்களில் ரோகோவின் மனைவி ஜூலி இருந்தாள். கணவன் எந்நேரமும் ஆலையிலேயே கிடக்கிறான் என்று அவள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவனுடைய அம்மா வருகிறார். அவன் ஆலையைக் காப்பாற்றுகிறான். அந்த மூன்று மாதமும் அவன் வீட்டில் சோறு பொங்கியது எப்படி என்பதை ஆலையின் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. ஸ்வீடன் எழுத்தாளர் காத்ரின் மார்சல் இதே கேள்வியை ஆடம் ஸ்மித்திடம் கேட்டு ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். சந்தை தன்னலத்தால் இயங்குகிறது என்று எழுதிய ஸ்மித்தின் இரவு உணவுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவருடைய தாய் மார்கரெட் டக்ளஸ். மகனின் பொருளாதாரத்தில் அந்தத் தாய்க்கு இடமில்லை.

இப்போது நான் வேறு மாதிரி ஹெர்பியைத் தேடினேன். ஒரு வாரம் அம்மாவை மட்டும் கவனித்தேன், அவரிடம் சொல்லிவிட்டே. ஐந்து மணிக்கு எழுந்து வாசல், தண்ணீர், சமையல். எட்டரைக்கு மெஷின். பதினொன்றரைக்கு எழுந்து உலை வைக்கப் போவார். ஒன்றேகாலுக்குத் திரும்புவார். அதற்குள் அவருடைய பேட்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் பாட்டம் மடிக்காத பீஸ்கள் மலைபோலக் குவிந்திருக்கும். அதற்கு அடுத்த வேலை செய்பவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மாலை ஐந்தரைக்கு ஆட்கள் கிளம்பியபிறகு அந்த மலையைக் கரைத்து, செக்கிங் பார்த்து, பண்டல் கட்டி முடிக்க எட்டு எட்டரை ஆகும். எங்கள் ஊரில் இதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். வெளியாள் என்றால் ஒன்றரைச் சம்பளம். எங்கள் கொட்டகையில் வேலை தேங்கிய இடம் எங்கள் வீட்டுச் சமையலறை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் என்றது அது. கை வைக்க இத்தனை நிமிடம், பாட்டம் மடிக்க இத்தனை நிமிடம் என்று எண்ணும் இந்த ஊரில் அந்த 299 நிமிடத்தை எந்த யூனிட்டின் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அப்போது எங்களுக்குப் பீஸுக்கு 13 ரூபாய் கூலி. நாளுக்கு 400 பீஸ், ஆக 5,200 ரூபாய். ஐந்து டைலர்களுக்கு 2,400, கைமடி மூவருக்கு 900, மின்சாரம், ஊசி, எண்ணெய், வண்டி வாடகை 500. மொத்தம் 3,800. மிச்சம் 1,400. இருபது வருடத்துக்கு மேலாக இந்த மிச்சத்தைத்தான் லாபம் என்று சொல்லிவந்தோம். தம்பியின் இன்ஜினீயரிங்கும் என் முனைவர் பட்டமும் இப்படிப்பட்ட மிச்சத்தில் வந்தவை.

அடுத்த பக்கத்தில் எழுதாமல் விட்டவற்றை எழுதினேன். அம்மாவின் ஒன்றரை ஷிப்ட், டைலர் கூலிப்படி 720. கொட்டகையை வெளியாளுக்கு விட்டால் வரும் வாடகை 250. மெஷின் தேய்மானம் 250. கடனுக்கு வட்டி 150. கூட்டினால் 1,370. மிச்சம் 30 ரூபாய். ஒரு பீஸுக்கு ஏழரைக் காசு. இதில் என் வேலை இல்லை, அம்மாவின் சமையல் இல்லை, ஆர்டர் இல்லாமல் மெஷின் நின்ற நாட்கள் இல்லை.

"ஏங்கண்ணு, அதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டார் அம்மா. நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அப்ப இத்தன வருசம் நம்ம கம்பெனி சம்பாதிக்கவே இல்லியா?" என்றார். கம்பெனி சம்பாதிக்கவில்லை, நீதான் சம்பாதித்தாய் என்றேன். அவர் முகம் மலரவில்லை. அப்பாவின் கம்பெனி லாபத்தில் ஓடியது என்ற பெருமை ஒன்று அவரிடம் இருந்தது. அதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்துவிட்டேன். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

லாபம் இல்லையென்றால் எங்கே போனது? கூலி நிர்ணயிக்கும்போதே போய்விடுகிறது. 13 ரூபாய்க்கு எங்களால் தைத்துக்கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அம்மாவின் 720 ரூபாயை நாங்கள் கேட்காததுதான். அடுத்த தெருவில் இன்னொரு அம்மா, அதற்கடுத்த தெருவில் ஒரு மனைவி, ஒரு மருமகள் இப்படிக் கேட்காமல் இருப்பதால் 13 ரூபாய் என்பது ஊர் ரேட் ஆகிறது. எங்களிடம் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்ததால் ஈ.எஸ்.ஐ. சட்டமும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. என்னிடம் வேலை பார்த்த எட்டுப் பெண்களுக்கு நோய் வந்தால் அது அவர்கள் பாடு. சின்ன யூனிட்டாக இருப்பதில் இருக்கும் மலிவு இப்படித்தான் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு அம்மாவின் உழைப்பு, இன்னொரு பங்கு அந்தப் பெண்களின் பாதுகாப்பு. இரண்டாவதை அம்மாவும் நானும்தான் எடுத்துக்கொண்டோம்.

நோட்டை எடுத்துக்கொண்டு, ஆர்டர் தரும் கம்பெனிக்குப் போனேன். பீஸுக்கு 14.50 கேட்டேன். "உங்கம்மா இத்தன வருசத்துல ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லீங்களே மேடம்" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். நூல் விலை ஏறிக்கிடந்த நேரம் அது. நூல் விலையைக் காட்டி ஐம்பது காசு ஏற்றித் தந்தார். எட்டு வாரமாக வராத பழைய பாக்கியையும் கேட்டேன். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது என்றேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் எங்களுக்கு வந்த பண்டல்கள் பாதியாகக் குறைந்தன. மூன்று வாரம் நான்கு மெஷின்கள் நின்றன. கைமடி பெண் ஒருத்தி வேறு இடம் பார்த்துக்கொண்டு போனாள்.

நான் படித்த எந்தப் புத்தகமும் இந்த மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. அவற்றில் வருபவர் எப்போதும் ஒற்றை ஆள். அவர் தன் மனநிலையை மாற்றுகிறார், விலையை உயர்த்துகிறார், வேண்டாத வாடிக்கையாளரை உதறுகிறார், ஜெயிக்கிறார். ஆனால் இந்த ஊர் தனியாளாக ஜெயித்த ஊர் இல்லை. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பிந்தைய வருடங்களில்தான் ஏற்றுமதி பெருகியது, வேலை சிறு சிறு யூனிட்களாகச் சிதறியது, மெஷின்களில் பெண்கள் நிறைந்தார்கள். முதலாளிகள் சங்கமாகவே இருக்கிறார்கள், ஏற்றுமதியாளர் சங்கம் 1990இலிருந்து இயங்குகிறது. உள்நாட்டு பனியன், ஜட்டி தைக்கும் பவர்டேபிள் உரிமையாளர்களுக்கும் சங்கம் உண்டு. சைமா சங்கத்துடன் பேசித் தையல் கூலிக்கு ஒப்பந்தம் போடுவார்கள். அம்மா அப்படி ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. பெயர்ப்பலகையில் அவர் பெயர் இல்லையே.

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரைப் பற்றி 2004இல் ஒரு முக்கியமான நூல் எழுதினார். 'ஃப்ரேட்டர்னல் கேபிடல்' என்று பெயர், சகோதர மூலதனம் என்று சொல்லலாம். தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர் சமூகத்து ஆண்கள் தங்கள் உயர்வுக்குக் காரணமாகத் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே சொல் 'உழைப்பு' என்று அவர் எழுதுகிறார். அந்தச் சொல் எப்படி ஒருவகை மூலதனமாகவே ஆகிறது என்று காட்டுகிறார். அதைப் படித்தபோது அப்பாவின் குரல் கேட்டது. 'என்ற உழைப்புல வந்த கம்பெனி' என்பார் அப்பா. அவர் உழைத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய உழைப்பு முதலாக மாறியது. அம்மாவின் உழைப்பு சோறாகவும் துவைத்த துணியாகவும் இரவு செக்கிங்காகவும் மாறி அன்றன்றைக்கே தீர்ந்துபோனது. தீர்ந்துபோனதற்கு யாரும் பெயர்ப்பலகை மாட்டுவதில்லை.

வகுப்பில் நன்னூல் பாயிரம் நடத்தும்போது, நூல் என்ற சொல்லுக்குப் பவணந்தியார் தரும் உவமையை விளக்குவேன். சொல்தான் பஞ்சு, புலவன்தான் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு அவள் கதிர். பல வருடம் இதை அழகான உவமை என்று மட்டும் சொல்லிவந்தேன். இப்போது மாணவிகளிடம் ஒரு கேள்வியும் கேட்கிறேன். புலவனின் வேலையை விளக்க நூற்கும் பெண்ணின் வேலை தேவைப்பட்டது. அந்தப் பெண்ணின் வேலையை விளக்க யார் நூல் எழுதினார்கள்? புறநானூற்றில் அவள் 'பருத்திப் பெண்டு'. நற்றிணையில் அவள் ஆண் துணையற்றவள். இரண்டிலும் உவமைக்காக ஒரு நொடி வந்துவிட்டுப் போய்விடுகிறாள். என் மாணவிகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே புரிகிறது.

தொழில் புத்தகங்களை நான் தூக்கிப்போட்டுவிடவில்லை. எண்ணிப் பார் என்று அவைதான் எனக்குச் சொன்னது. பெண்கள் கணக்குப் பார்ப்பது அன்புக்கு எதிரானது என்று நம்பவைக்கப்பட்ட வீடுகளில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் எதை எண்ணுவது, யாரை எண்ணுவது, எண்ணியபிறகு யாரோடு போய்க் கேட்பது என்பதை அவை சொல்லவில்லை. அதே எண்ணிக்கையை வைத்துத்தான் நான் ஒரு அக்காவை விரட்டினேன், அதே எண்ணிக்கையை வைத்துத்தான் அம்மாவைக் கண்டுபிடித்தேன்.

பிறகு செய்தது சொற்பம்தான். மதியச் சாப்பாட்டைப் பக்கத்துத் தெருவில் மெஸ் நடத்தும் அக்காவிடம் காசு கொடுத்து வாங்குகிறோம். அம்மா பதினொன்றரைக்கு எழுவதில்லை. இருட்டுவதற்குள் பண்டல் கட்டி முடிகிறது. என் வீட்டில் இரவுச் சமையல் கணவருடையது. அது நேர்ந்தது ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு. மூன்றரை மணிக்கு எல்லோருக்கும் பத்து நிமிட இடைவேளை, வீட்டுக்குப் பேச வேண்டியவர்கள் பேசலாம். ஏற்றுமதி ஜாப் ஒர்க்கைக் குறைத்துக்கொண்டு, காதர்பேட்டைக்கு அனுப்பும் ஒருவருக்கு உள்நாட்டுச் சரக்கு தைக்கிறோம். கூலி பெரிதாக இல்லை, பணம் மட்டும் ஒழுங்காக வருகிறது. ஈ.எஸ்.ஐ. பிரச்சினைக்கு இன்னும் வழி தெரியவில்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கணவர் பெயரில் சேர்ந்த சொத்தில் ஒரு பங்களிப்பு, அதில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்றது. அந்தச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். "இதச் சொல்ல கோர்ட்டு வேண்டிக் கெடக்குது" என்று மட்டும் சொன்னார். அந்த மாதக் கடைசியில் தம்பி ஊருக்கு வந்திருந்தபோது அவரே பேச்சை எடுத்தார். தம்பி தயங்கவில்லை. உத்யம் பதிவை அம்மாவின் பெயரில் எடுத்தோம். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார். வங்கிக் கணக்கும் அவர் பெயருக்கு வந்தது. அப்பா பெயர் இருந்த பலகையை அப்படியே வைக்கச் சொன்னார். அடியில் தன் பெயரை எழுதச் சொன்னார்.

இப்போது சனிக்கிழமை போடும் கவர்களில் ஒன்று அம்மாவுக்கு. முதல் வாரம், "ஓனருக்கே சம்பளமா?" என்று சிரித்துவிட்டு அதை அரிசி டிரம்மில் போட்டார். இரண்டாவது வாரமும் அங்கேதான் போட்டார். மூன்றாவது வாரம் கவரைப் பிரித்து எண்ணினார். இருபது ரூபாய் குறைகிறது என்று என்னிடம் திருப்பிக் கொடுத்தார். சரிபார்த்தேன். குறையத்தான் செய்தது.